தீவகத்துத் திருமணங்கள்: சடங்கும் சீதனமும்

நயினாதீவைப் பற்றி வழங்கும் பழங்கதைகளுள் முதன்மையானது ஓர் உடைமைப் பிணக்கைப் பற்றிய கதையாகும். புத்தர் இலங்கைக்கு இரண்டாம் முறை வந்து நாகதீபத்தை அடைந்தமைக்குக் காரணம் கூறப்புகும் மகாவம்சம், மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் ஒரு மணியாசனத்தின் பொருட்டுப் போருக்கு எழுந்தனர் என்கிறது. மகோதரன் மாமன், சூளோதரன் மருமகன். மகோதரனின் தங்கை வேறொரு நாக அரசனுக்கு மணம்செய்து கொடுக்கப்பட்டவள். அவள் பெற்ற மகனே சூளோதரன். போருக்குக் காரணமான ஆசனமோ அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கிடைத்தது. புத்தர் இருவரையும் அமைதிப்படுத்த, அவர்கள் ஆசனத்தை அவருக்கே அளித்தனர் என்று கதை முடிகிறது. மணிமேகலையும் நாக அரசர் இருவர் பீடிகை ஒன்றன் பொருட்டுப் பொருத செய்தியைக் கூறும். அக்காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்வாரும் உளர்.

இக்கதையை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அதன் நடுவே அமைந்துள்ள வினா வரலாற்றுக்கு உரியது. மணமான பெண்ணுக்குப் பிறந்த வீடு அளித்த பொருள் யாருக்கு உரியது? அவளுக்கா, அவள் உடன்பிறந்தானுக்கா, அவள் கணவன் வீட்டாருக்கா, அவள் மகனுக்கா? யாழ்ப்பாணத் தீவகத்தின் திருமண வரலாற்றை நோக்குமிடத்து, சமயங்கள் மாறியதையும், சடங்கை நடத்துவோர் மாறியதையும், பதிவேட்டை எழுதுவோர் மாறியதையும் காணலாம். அவ்வினா மட்டும் தொடர்ந்து வந்துள்ளது. அத்தொடர்ச்சியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவகமும் அதன் மக்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் ஆழங்குறைந்த கடலில் வேலணைத்தீவு, காரைதீவு, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பன அமைந்துள்ளன. ஒல்லாந்தர் இவற்றுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லெய்டன் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், அனலைதீவு ரொட்டர்டாம் எனவும், நெடுந்தீவு டெல்ப்ற் எனவும் வழங்கப்பட்டன. இவற்றுள் ஆங்கில வழக்கில் உறுதியாக நிலைத்தது நெடுந்தீவின் பெயரே. ஊர்காவற்றுறைக்கு வழங்கும் கயிற்ஸ் என்ற பெயர் அதற்கும் முற்பட்டது. யானைத்துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரின் குறுக்கம் அது.

யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலங்கள் இத்துறையை நாடியமைக்கு நயினாதீவில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு சான்றாகும். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் சேர வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஆகவே தீவகம் உலகத்தினின்று ஒதுங்கிக் கிடந்த நிலப்பகுதி அன்று. வணிகரும், படையினரும், குருமாரும் வந்துபோன வழியில் அது கிடந்தது. இன்று அங்கு சைவர் பெரும்பான்மையினர். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு முதலிய இடங்களில் கத்தோலிக்கர் நெடுங்காலமாக வாழ்கின்றனர். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் ஒரே சிறு நிலப்பரப்பில் உள்ளன.

பழைய தேசவழமை

யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்துத் தருமாறு ஒல்லாந்தத் தேசாதிபதி சீமொன்ஸ் 1706ஆம் ஆண்டில் பணித்தார். நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்தார். தமிழாக்கம் பன்னிரு முதலியார்களிடம் காட்டப்பட்டு, அவர்கள் உடன்பட்டபின், 1707இல் தேசவழமை நடைமுறைக்கு வந்தது. ஆட்சியாளரின் தேவைக்காகத் தொகுக்கப்பட்டது என்பதும், முதலியார் என்ற ஒரு வகுப்பாரின் வாய்மொழியையே அது நம்பியது என்பதும் மறக்கத்தக்கன அல்ல. எனினும் பழைய திருமண உடைமை முறையை அறிய அதனினும் சிறந்த ஆவணம் வேறில்லை.

தேசவழமை குடும்பச் சொத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கணவன் தன் முன்னோரிடமிருந்து பெற்றது முதுசம். மனைவி தன் பெற்றோரிடமிருந்து பெற்றது சீதனம். இருவரும் மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். மிகப் பழைய காலத்தில் முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. தாயின் நிலம் மகளுக்கும், மகளின் நிலம் அவள் மகளுக்கும் என ஒரு பெண்வழி உடைமை தந்தைவழி உடைமைக்கு இணையாக ஓடியது. சீதனம் பெற்ற மகள் அதனோடு நிறைவடைய வேண்டும். பெற்றோரின் எஞ்சிய சொத்தில் அவளுக்கு உரிமை இல்லை. அவள் பிள்ளையின்றி இறந்தால் சீதனம் கணவனிடம் நில்லாது அவள் உடன்பிறந்த பெண்களை நோக்கித் திரும்பும். மணமாகாத ஆண்மக்கள் ஈட்டிய பொருள் பெற்றோரின் பொதுச் சொத்தோடு சேரும்.

இம்முறையைப் பிற நாட்டு முறைகளோடு ஒப்பிடுவது பயனுடையது. இந்தியாவின் தருமசாத்திர மரபில் ஸ்திரீதனம் என்பது பெரும்பாலும் அணிகலனும் ஆடையுமாகிய அசையும் பொருள். யாழ்ப்பாணத்துச் சீதனத்திலோ வீடும் வளவும் வயலும் அடங்கின. பண்டைய உரோமரின் மணக்கொடை மணவாழ்வுக் காலத்தில் கணவன் கைக்குச் சென்றது. கண்டிச் சிங்களவரிடையே தீக முறையில் மணந்து கணவன் வீடு சென்ற மகள் தந்தையின் நிலத்தில் உரிமை இழந்தாள். பின்ன முறையில் கணவனைத் தன் வீட்டுக்கு வரவழைத்தவள் உரிமையைக் காத்துக்கொண்டாள். ஆயின் பின்னக் கணவனின் மதிப்புக் குறைவானது. யாழ்ப்பாணத்தில் மணமகன் மணமகளின் வீட்டுக்குச் சென்று வாழ்தல் பெருவழக்கு. அதனால் அவனுக்கு இழிவு எதுவும் நேர்ந்ததில்லை. அவன் வாழப் புகுந்த வீடு மனைவிக்கு உரியது என்பதை ஊர் அறிந்திருந்தது.

தீவகத்தின் நிலவியல்பு இம்முறைக்குத் தனிப் பொருள் தந்தது. நன்னீர் அரிதாகிய தீவுகளில் கிணற்றுப் பங்கு நிலத்தின் உயிராகும். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். அவ்வாறு பரப்புக் கணக்கில் அளந்து கொடுக்கப்படும் காணியில் பனைகளும் கிணற்றின் பங்கும் சேர்ந்தே மகளுக்குச் சென்றன. நெடுந்தீவில் வளவுகளைப் பிரித்து நிற்கும் முருகைக்கல் மதில்கள் இன்றும் காண்போர் கவனத்தை ஈர்ப்பன. தலைமுறை தோறும் பங்கிடப்பட்டு வந்த ஒரு சமூகத்தின் நிலக்கணக்கைக் கல்லில் காட்டுவன அவை எனலாம்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும்

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. பிரான்சிஸ்கன் துறவிகளும் அவர்களைத் தொடர்ந்து இயேசு சபையினரும் குடாநாட்டிலும் தீவுகளிலும் கோயிற்பற்றுகளை அமைத்தனர். கத்தோலிக்கத் திருச்சபை அதற்குச் சில பத்தாண்டுகள் முன்னரே, 1563இல், திரெந்துச் சங்கத்தின் வழியாகத் திருமணத்துக்கு உறுதியான விதிகளை வகுத்திருந்தது. மணம் பற்றிய அறிவித்தல் மூன்று முறை கோயிலில் கூறப்பட வேண்டும். பங்குக்குருவின் முன்னும் சாட்சிகளின் முன்னும் மணமக்கள் தம் சம்மதத்தைத் தெரிவிக்க வேண்டும். குடும்பத்தாரும் உறவினரும் கூடி முடித்த ஒரு காரியத்தில், மணமகளின் வாய்ச்சொல் தேவை என்ற கருத்து இவ்வாறு புகுந்தது. அது எத்துணை அளவுக்கு நடைமுறையில் மதிக்கப்பட்டது என்பது வேறு. விதியளவில் அது புதியது.

போர்த்துக்கேயர் காலத்தில் நேர்ந்த மற்றொரு மாற்றத்தைத் தேசவழமையே குறிப்பிடுகிறது. பிலிப்பு மஸ்கரேனாஸ் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்திலிருந்து பழைய வழக்கங்கள் படிப்படியாக மாறின என்பது முதிய முதலியார்களின் சான்று. தாயின் சீதனத்திலிருந்தே மகளுக்குச் சீதனம் என்ற பழைய வரையறை நெகிழ்ந்தது. தந்தையின் முதுசத்திலிருந்தும், தேடியதேட்டத்திலிருந்தும், எதிலிருந்தும் சீதனம் கொடுக்கலாம் என்றாயிற்று. இம்மாற்றம் மகளுக்கு நன்மையாகவே தோன்றும். கிடைக்கும் பங்கு பெருகியது. ஆயின் பெருகுவதற்கு எல்லை இல்லாமற் போனமையும் இதனாலேயே. தாய்வழி நிலம் இவ்வளவு என்ற வரம்பு நீங்கியபின், சீதனத்தின் அளவை மணப்பேச்சே நிருணயிக்கலாயிற்று. பிற்காலத்துச் சீதனப் பேரத்தின் வித்து இங்கு உள்ளது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் குருவாயிருந்த பிலிப்பு பல்தேயஸ், 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியான தம் நூலில் இப்பகுதிக் கோயிற்பற்றுகளை விரித்துரைக்கிறார். ஒவ்வொரு கோயிற்பற்றிலும் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் உபாத்தியாயரே திருமுழுக்கையும் திருமணத்தையும் பள்ளித் தோம்பில் எழுதினார். அத்தோம்பில் பெயர் இல்லாத தம்பதியரின் பிள்ளைகள் உரிமைப் பங்கு கோருகையில் இடர்ப்பட நேரிடும். ஆதலால் சைவரும் கத்தோலிக்கரும் ஒல்லாந்தத் திருச்சபையின் முறைப்படி மணம் எழுதிக்கொண்டனர். அவர்தம் உள்ளம் வேறிடத்தில் இருந்தது. அந்நியச் சடங்குகளைத் தடுக்கும் கட்டளைகள் மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டமையே அச்சடங்குகள் நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று. கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் மறைவில் கத்தோலிக்கருக்குத் திருவருட்சாதனங்களை வழங்கினார். ஒரே தம்பதியர் ஆட்சிக்காக ஒருமுறையும் மனச்சான்றுக்காக ஒருமுறையும் மணம்செய்யும் நிலை இவ்வாறு உருவாயிற்று. திருமணம் என்பது உறவினர் அறிய நடைபெறும் நிகழ்ச்சி, அரசு அறிய எழுதப்படும் எழுத்து என்ற இரண்டாகப் பிரிந்தமை ஒல்லாந்தர் காலத்தின் நிலையான விளைவாகும். பதிவுத் திருமணத்தை இன்றும் யாழ்ப்பாண மக்கள் எழுத்து என்றே வழங்குகின்றனர்.

1806ஆம் ஆண்டு

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இலங்கையின் திருமணச் சட்ட வரலாற்றில் 1806ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீக்கப்பட்டு, அவர்தம் முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லுபடியாயின. அவ்வாண்டிலேயே முகம்மதியச் சட்டத் தொகுப்பு வெளிவந்தது. முதலில் கொழும்பு மாகாணத்துக்கும், 1852இல் தீவு முழுவதுக்கும் அது உரியதாயிற்று. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்கு முழுச் சட்ட வலு அளிக்கப்பட்டது.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். சடங்கு சமயத்தின் பொறுப்பாயிற்று. சொத்து இனவழிச் சட்டத்தின் பொறுப்பாயிற்று. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழர் என்ற அடிப்படையில் உரியதேயன்றிச் சைவர் என்ற அடிப்படையில் உரியதன்று. ஆகவே ஊர்காவற்றுறையில் கோயில் மணியோசையோடு மணந்த கத்தோலிக்கப் பெண்ணும் வேலணையில் ஓமத்தீயை வலம்வந்த சைவப் பெண்ணும் சீதனத்தைப் பொறுத்தவரை ஒரே சட்டத்தின் கீழ் நின்றனர். நயினாதீவு முஸ்லிம் பெண்ணின் சட்டம் வேறாயிற்று.

மூவகைச் சடங்குகள்

சைவர் திருமணம் சாதகப் பொருத்தத்தில் தொடங்கும். நல்ல நாளில் மணமகன் வீட்டில் ஆசாரியார் தாலிக்குப் பொன்னுருக்குவார். மணவீட்டில் முள்முருக்கங் கன்னிக்கால் ஊன்றப்படும். மணமகளின் சகோதரன் தோழனாக நின்று மணமகனின் காலைக் கழுவி வரவேற்க, மணமகன் அவனுக்கு மோதிரம் அணிவிப்பான். கன்னிகாதானத்தின் பின் மணமகன் கூறைச்சேலையை அளிப்பான்; மணமகள் அதனை உடுத்து வந்தபின் தாலி கட்டப்படும். அம்மி மிதித்தல், அருந்ததி காட்டல், ஓமம் ஆகியன தொடரும். மணமக்கள் ஒரே கலத்தில் உண்ணுதல் இறுதியில் நிகழும். இவற்றுள் பிராமணக் குருக்களின் வடமொழிக் கிரியைகள் ஒரு படலம். கூறை கொடுத்தல், தாலி கட்டல், சோறு உண்ணல் என்பன வேறொரு படலம். குருக்களை அழைக்க இயலாத, அல்லது அழைக்க அனுமதிக்கப்படாத குடிகளிடையே பின்னைய மூன்றுமே திருமணமாக நின்றன. வழக்காற்றுத் திருமணங்களின் செல்லுபடி பற்றிய வழக்குகளில் இத்தகைய எளிய சடங்குகள் பல முறை நீதிமன்றங்களின் ஆய்வுக்கு வந்துள்ளன.

கத்தோலிக்கர் திருமணத்தில் குரு மோதிரத்தோடு தாலியையும் ஆசீர்வதிப்பார். மணமகன் அதனை மணமகளின் கழுத்தில் அணிவிப்பான். கூறையும் உண்டு. சைவரின் தாலியில் பிள்ளையார் முதலிய உருவம் அமையும் இடத்தில் கத்தோலிக்கரின் தாலியில் சிலுவையோ தூய ஆவியைக் குறிக்கும் புறாவோ அமையும். தாலியைத் தமிழ்க் கிறித்தவர் ஏற்கலாமா என்பது ஒரு காலத்தில் பெரும் பூசலுக்குக் காரணமாயிருந்தது. உரோமாபுரியின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த கர்தினால் தூர்னோன் 1704இல் பிறப்பித்த கட்டளை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைத் தமிழகத்து மறைத்தளங்களில் விலக்கியது. சிலுவை முதலிய கிறித்தவ அடையாளம் பொறித்த தாலிக்கு இடமளித்தது. தாலி நீங்கவில்லை, அதன்மேல் இருந்த உருவமே நீங்கியது. தீவகக் கத்தோலிக்கரின் தாலியும் இம்மரபையே காட்டுகிறது. வழக்கத்தை ஒழிக்க இயலாதபோது சமயம் அதற்குத் தன் முத்திரையை இடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முஸ்லிம்களின் நிக்காஹ் ஓர் ஒப்பந்தமாகும். பெண்ணின் வலியாகிய தந்தையோ உரிய உறவினரோ மணம் செய்துகொடுக்க, மணமகன் சாட்சிகள் முன் ஏற்றுக்கொள்வான். மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுத்தல் கட்டாயம். அது அவளுக்கே உரியது. மணமகன் வீட்டார் வலீமா விருந்து அளிப்பர். தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே கருகமணி கோத்த மாலையோ தாலியோ அணிவிக்கும் வழக்கமும் உண்டு. மார்க்கம் விதித்த மஹர் ஒருபுறமிருக்க, பெண் வீட்டார் மணமகனுக்குப் பணம் கொடுக்கும் கைக்கூலி வழக்கமும் பரவியது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைப் பெயர்சுட்டிக் குறிப்பிட்டு, மனைவி அதனைத் திரும்பப் பெற வழிசெய்தது. சுற்றுச் சமூகத்தின் வழக்கம் சமய விதிக்கு எதிர்த்திசையில் எவ்வளவு வலுவாகப் பாயும் என்பதை இச்சட்டப்பிரிவு உணர்த்துகிறது.

உறவும் சாதியும்

சடங்கைவிட ஆழமான வேறுபாடு யாரை மணக்கலாம் என்பதில் உள்ளது. சைவ வழக்கில் மாமன் மகளும் அத்தை மகளும் உரிமைப் பெண்கள். சிற்றப்பன், பெரியப்பன் மக்கள் உடன்பிறந்தார். கத்தோலிக்கத் திருச்சபைக்கு இருசாராரும் ஒரே அளவு நெருங்கிய இரத்த உறவினர். விதிவிலக்குப் பெறாமல் மணக்க இயலாது. இஸ்லாமோ இருசாராரையும் மணக்க அனுமதிக்கிறது. ஒரே தீவில், ஒரே உறவுச்சொற்களைப் பேசிக்கொண்டு, மூன்று விதிகளின் கீழ் மக்கள் வாழ்ந்தனர். மச்சாள் என்ற சொல் கத்தோலிக்கர் நாவிலும் உரிமையின் ஒலியை இழக்கவில்லை. மக்கள்தொகை சிறிதான தீவில் நிலம் சிதறாமல் காக்கும் வழியும் அதுவே ஆதலின், குருவானவரிடம் விதிவிலக்குக் கோருதல் கத்தோலிக்கருக்கு இன்றியமையாததாயிற்று.

சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மணம் நிகழ்தலும் உண்டு. திருச்சபை முற்காலத்தில் அதனைக் கடுமையாக வரையறுத்தது. 1970இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட கலப்பு மணங்கள் பற்றிய மடல் அவ்விதிகளைத் தளர்த்தியது. நாட்டின் சட்டத்தில் தடையே இல்லை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணமக்கள் ஒரே சமயத்தினராயிருக்க வேண்டும் என வற்புறுத்தவில்லை. ஆயினும் ஒரே சாதிக்குள் சமயம் கடந்து மணம் முடித்தல் ஏற்கப்பட்ட அளவுக்கு, ஒரே சமயத்துக்குள் சாதி கடந்து மணம் முடித்தல் ஏற்கப்படவில்லை என்பதை மறைத்தல் ஆய்வு நேர்மை ஆகாது. சமய வேற்றுமையைத் தீவகச் சமூகம் தாங்கிக்கொண்டது. சாதி வேற்றுமையைத் தாங்க மறுத்தது. காரணம் தேடின், அது மீண்டும் நிலத்துக்கே கொண்டு செல்லும். சீதனக் காணி உறவு வட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது என்ற கவலையும் சாதிக் கட்டுப்பாடும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. காணி விற்கப்படும்போது பங்காளிகளுக்கும் உரிமையுள்ள உறவினருக்கும் முதலில் வாங்கும் உரிமையைத் தேசவழமை அளித்தமையும் இங்கு நினைக்கத்தக்கது.

சீதனத்தின் திரிபு

இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றங்கள் இரு திசையில் சென்றன. முதலாவது சட்டத்தில். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவியின் சொத்து அவளுக்கே உரியது எனத் தெளிவாகக் கூறியது. அதே சட்டம், அசையாச் சொத்தை அவள் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் எனவும் விதித்தது. அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். 1923இல் விவாகமான பெண்களின் சொத்துரிமைக் கட்டளைச் சட்டம் நாட்டின் பிற பெண்கள் பலருக்கு முழு உரிமை அளித்தபோது, தேசவழமைக்கு உட்பட்ட பெண்கள் அதன் புறத்தே நிறுத்தப்பட்டனர். உறுதியில் அவள் பெயர் இருந்தது. அதனை விற்கும் பேனாவில் கணவனின் கையும் இருந்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் வெளியாரை மணந்தால், அம்மணம் நிலைக்கும்வரை அவளுக்குத் தேசவழமை பொருந்தாது என்றும், வெளிப்பெண் தேசவழமைக்கு உட்பட்டவனை மணந்தால் அவளுக்கு அது பொருந்தும் என்றும் அச்சட்டம் விதித்தது. கலப்பு மணத்தில் எச்சட்டம் உரியது என்ற வினாவுக்குக் கணவனின் சட்டமே என்பது விடையாயிற்று.

இரண்டாவது மாற்றம் வழக்கத்தில். காணி வளம் குறைந்த தீவுகளின் ஆண்மக்கள் கொழும்பு முதலிய தென்னிலங்கை நகரங்களுக்குச் சென்று கடை நடத்தினர்; கற்றோர் அரசாங்க உத்தியோகம் பெற்றனர். மணமாகாத மகனின் உழைப்பு குடும்பத்துக்குரியது என்ற பழைய விதி, தங்கையருக்குச் சீதனம் சேர்த்து முடியும்வரை அண்ணன் மணம் செய்யாதிருத்தல் என்னும் வழக்காக நீடித்தது. உத்தியோக மாப்பிள்ளையின் விலை ஏற, காணியும் நகையும் போதாமல் ரொக்கம் கேட்கப்பட்டது. மகளின் பெயரில் நொத்தாரிசு எழுதும் சீதன உறுதிக்குப் புறம்பாக, மாப்பிள்ளையின் பெற்றோர் கையில் கொடுக்கும் பணம் டொனேஷன் என்ற பெயரில் வந்தது. அப்பணம் பெரும்பாலும் மாப்பிள்ளையின் சகோதரிக்குச் சீதனமாகி அடுத்த வீட்டுக்குச் சென்றது.

இங்குச் சொற்களைப் பிரித்து நோக்குதல் அவசியம். மஹர் மணமகனிடமிருந்து மணமகளுக்குச் செல்வது. சீதனம் பிறந்த வீட்டிலிருந்து மணமகளுக்குச் செல்வது. இவ்விரண்டிலும் பொருள் வந்து சேரும் இடம் பெண்ணே. கைக்கூலியும் டொனேஷனும் பெண்ணின் வீட்டிலிருந்து புறப்பட்டு அவளைக் கடந்து செல்வன. முன்னைய இரண்டுக்கும் பின்னைய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்து எல்லாவற்றையும் சீதனம் என்ற ஒரே சொல்லால் வழங்கியமையே, பெண்ணின் உடைமையாகத் தோன்றிய ஒரு நிறுவனம் பெண்ணின் சுமையாக மாறியதை மறைத்தது. சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு இச்சுமையில் இருக்கவில்லை.

1990க்குப் பின்

1990ஆம் ஆண்டு ஓகஸ்டு முதல் தீவகத்தில் நடந்த படை நடவடிக்கைகளால் பெருந்தொகையான மக்கள் குடாநாட்டுக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களின் குடும்பங்கள் பல கனடாவிலும் ஐரோப்பாவிலும் நிலைகொண்டன. திரும்பி வந்தோர் சிலர். கூரை இழந்த கல்வீடுகளும் பற்றை மூடிய கிணறுகளும் எஞ்சின. அவற்றுள் பல ஏதோ ஒரு பெண்ணின் பெயரில் சீதன உறுதியாக எழுதப்பட்டவை.

புலம்பெயர்ந்த நாடுகளில் திருமணச் சடங்கு குறைவின்றித் தொடர்கிறது. பொன்னுருக்கு நிகழ்கிறது, கூறை வாங்கப்படுகிறது, தாலிக்கொடியின் பவுண் எண்ணிக்கை பேசப்படுகிறது, தேவாலயத்திலும் தாலி ஆசீர்வதிக்கப்படுகிறது. கடல் கடந்து செல்ல இயலாதது நிலம் ஒன்றே. நிலம் இல்லாத சீதனம் பணமாகிறது. பணத்தில் பெண்ணின் பெயர் எழுதப்படுவதில்லை. காணிக்கு எல்லை உண்டு, உறுதி உண்டு, அயலார் சாட்சி உண்டு. கைமாறிய பணத்துக்கு இவை எவையும் இல்லை. ஆகவே புற வடிவில் பழைய திருமணம் அப்படியே நிலைத்திருப்பதாகத் தோன்றினும், அதன் அடித்தளமாயிருந்த ஒன்று நீங்கிவிட்டது. மணமகனைத் தன் வீட்டுக்கு வரவேற்ற பெண்ணின் நிலையும், பணத்தோடு வேற்றுநாட்டுக்கு அனுப்பப்படும் பெண்ணின் நிலையும் ஒன்றல்ல.

முடிவாக

தீவகத்துத் திருமண வரலாறு சமயங்களின் மோதலைவிட அவற்றின் இணக்கத்தையே மிகுதியாகக் காட்டுகிறது. பிள்ளையார் இருந்த இடத்தில் புறா அமர்ந்தது. ஐயர் நின்ற இடத்தில் குருவானவரும், உபாத்தியாயர் எழுதிய இடத்தில் பதிவுகாரரும் வந்தனர். தாலியும் கூறையும் சமய எல்லைகளைக் கடந்து நின்றன. இவ்விணக்கம் போற்றத்தக்கதே. ஆயின் சடங்கின் இணக்கத்தை மட்டும் எழுதி உடைமையின் வரலாற்றை விட்டுவிடின், அது பாதி வரலாறாகும். பழைய தேசவழமையை முற்றாகப் போற்றுவதும் முற்றாகத் தூற்றுவதும் பொருந்தா. பெண்ணுக்கு நிலமும் வீடும் வேண்டும் என்று அது கண்ட நெறி, அக்காலத்து உலகச் சட்டங்கள் பலவற்றினும் மேம்பட்டது. பங்கு பெற்றபின் அவள் வாய் திறக்கலாகாது என்ற விதியும், கணவன் கையெழுத்தின்றி விற்கலாகாது என்று பின்னர்ச் சேர்ந்த விதியும் அந்நெறியையே குறைப்படுத்தின.

மகாவம்சக் கதையில் மணியாசனத்துக்காக மாமனும் மருமகனும் படை திரட்டினர். ஆசனம் இறுதியில் புத்தருக்கு அளிக்கப்பட்டது. அது யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தப் பெண்ணை, மகோதரனின் தங்கை என்றும் சூளோதரனின் தாய் என்றும் உறவால் மட்டுமே அக்கதை சுட்டுகிறது. அவள் கருத்தை எவரும் கேட்டதாகச் செய்தி இல்லை. நயினாதீவில் பிறந்த அவ்வழக்கில் உரியவளை இன்னும் ஒருவரும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கவில்லை.